மே பதினெட்டும் ஆகஸ்டு மூன்றும்

மே மாதத்தின் நடுப்பகுதி வந்துவிட்டால் தமிழகத்து நகரங்களின் சுவர்களில் அழைப்புகள் முளைத்துவிடுகின்றன. நம் நாகர்கோவிலும் அதற்கு விலக்கன்று. முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்கு அனைவரும் வருக என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு அழைக்கிறார்கள். அந்த ‘அனைவரும்’ என்னும் சொல்லில் நாமும் அடங்குவோம் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்ற முறையிலும், அநியாயமாகச் சிந்தப்பட்ட குருதியைக் கண்டால் கலங்கக் கடமைப்பட்ட சமுதாயத்தினர் என்ற முறையிலும் அவ்வழைப்பு நமக்கும் உரியதே. ஆனால் அதே சுவர்களில் ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு துண்டுக் காகிதமேனும் காணோம். மே மாதத்தில் அழைத்தவர்கள் ஆகஸ்டு மாதத்தில் எங்கே போகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் பள்ளிவாசல்களின் அறிவிப்புப் பலகைகள் மே மாதத்தில் ஏன் வாய் மூடிக் கிடக்கின்றன என்று நம்மவரைக் கேட்கும் உரிமையும் உண்டு. இவ்விரு கேள்விகளையும் ஒருசேரக் கேட்பவனை இரு தரப்பாரும் வெறுப்பார்கள். வெறுத்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்டு 3இல் என்ன நடந்தது என்று இளைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. 1990ஆம் ஆண்டு அந்நாள் வெள்ளிக்கிழமை. ஆஷூரா கழிந்து ஓரிரு நாள்கூட ஆகவில்லை. முந்தின நாள்தான் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்திருந்தது. உலகத்தின் கண்களெல்லாம் அங்கே இருந்தன. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுச் சேதிக்காகக் காத்திருந்த நம் உம்மாமார்களின் கண்களும் அங்கேதான் இருந்தன. அன்றிரவு இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியில், மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகைக்கு மக்கள் அணிவகுத்து நின்றார்கள். துப்பாக்கி ஏந்தியோர் நுழைந்தார்கள். தொழுதுகொண்டிருந்தவர்களின் முதுகில் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சிறுவர்களும் அவர்களுள் இருந்தார்கள். விடுதலைப் புலிகள் இதைத் தாங்கள் செய்யவில்லை என்று மறுத்தார்கள். தப்பிப் பிழைத்தவர்களின் சாட்சியமோ அவர்களையே சுட்டியது. பள்ளிவாசல் சுவரில் பதிந்த குண்டுத் துளைகளைக் காத்தான்குடி மக்கள் இன்றளவும் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் அந்நாளை ஷுஹதாக்கள் தினமாக நினைவுகூர்கிறார்கள்.

எட்டு நாள் கழித்து ஏறாவூரில் இரவோடிரவாக மீண்டும் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் அனைவரும் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் தொகை எழுபதாயிரத்துக்கு மேல். யாழ்ப்பாணத்தில் அது நடந்த நாள் அக்டோபர் 30. ஒலிபெருக்கியில் அறிவித்து, ஜின்னா மைதானத்தில் கூட்டி, ஊரைவிட்டுப் போக இரண்டே மணி நேரம் கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேடிய நகையும் நிலமும் கடையும் அந்த இரண்டு மணி நேரத்தில் கைமாறின. சில நூறு ரூபாயும் மாற்றுத் துணியுமாகப் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் போய் விழுந்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் உலகப் பத்திரிகையாளர் முன்னிலையில், அந்த வெளியேற்றம் ஓர் அரசியல் தவறு என்று கூறி அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். தவறு என்று செய்தவர்களே ஒப்புக்கொண்ட ஒன்றை, அவர்களுக்காகப் பேசும் தமிழகத்து மேடைகள் இன்றும் உச்சரிக்கத் தயங்குவது என்ன நியாயம்?

இதைச் சொல்லும்போது உடனே ஒரு பதில் வரும். ‘பெருந்துயரைப் பற்றிப் பேசுகையில் சிறுதுயரை ஏன் இழுக்கிறீர்கள்? இனத்தின் ஒற்றுமையைக் குலைக்கிறீர்களே!’ என்பார்கள். பெருந்துயர் என்பதை நாம் மறுக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் நடந்ததைச் சாதாரணப் போர் என்று சொல்லுபவன் மனசாட்சி உள்ளவனாக இருக்க முடியாது. அரசே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்தில் அரசே குண்டு பொழிந்தது. மருத்துவமனைகள் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டன. நாற்பதாயிரம் வரையிலான குடிமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் கூறியது. எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்று அதே அமைப்பின் உள்ளாய்வு 2012இல் குறித்தது. மக்களைத் தப்பிப் போகவிடாமல் தடுத்துத் தங்களுக்குக் கேடயமாக வைத்துக்கொண்ட குற்றத்தைப் புலிகள் மீதும் அந்த வல்லுநர் குழு சுமத்தியிருக்கிறது. கடற்கரையோரத்து ஒரு துண்டு நிலத்தில் கஞ்சிக்கும் வழியின்றி அடைபட்டுக் கிடந்த மக்களுக்கு இரு பக்கமும் மரணமாகவே இருந்தது. அவர்களுக்காக நாம் அழுகிறோம். எவரும் கேட்டுக்கொண்டதற்காக அழவில்லை.

ஆனால் காத்தான்குடியைச் சிறுதுயர் என்பதை மட்டும் ஏற்க மாட்டோம். தன் வாப்பாவின் ஜனாஸாவைத் தோளில் சுமந்த மகனுக்கு எண்ணிக்கையைக் காட்டி ஆறுதல் சொல்லுவார் உண்டா? துயரை நிறுத்துப் பார்க்கத் தராசு எடுத்தவன் அக்கணமே துக்க வீட்டைவிட்டு வெளியேறிவிட்டான். வடபுலத்து முஸ்லிம்கள் பேசியது தமிழ். அவர்கள் பிள்ளைகள் படித்தது தமிழ். தமிழ் பேசியதால் சிங்களப் பேரினவாதம் அவர்களை மன்னித்ததில்லை; தமிழ் பேசியும் புலிகள் அவர்களைத் தமிழராக ஏற்றதில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் கிழிந்த ஒற்றுமையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதவர்கள், அதை நினைவூட்டுபவனைப் பார்த்து ஒற்றுமையைக் கெடுக்கிறாய் என்பது வேடிக்கையாக இருக்கிறது.

இனி நம்மவர் பக்கம் திரும்புவோம். இதுவரை தலையசைத்துக்கொண்டு வந்த சிலருக்கு இனி நாம் சொல்லுவது கசக்கும்.

நம்மில் சிலர், ‘அவர்கள் நம்மவரைப் பள்ளிவாசலில் சுட்டார்கள்; அவர்கள் செத்ததற்கு நாம் ஏன் துக்கம் கொண்டாட வேண்டும்?’ என்று கேட்கிறார்கள். யார் இந்த ‘அவர்கள்’? முள்ளிவாய்க்காலில் பதுங்கு குழியில் மூச்சடங்கிய குழந்தையா காத்தான்குடியில் துப்பாக்கி பிடித்தது? கொன்றவனின் மொழி பேசியதற்காகக் கொல்லப்பட்டவனையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த ஷரீஅத்தின் நீதி? ஒருவன் சுமையை மற்றொருவன் சுமக்கமாட்டான் என்பது நம் மார்க்கத்தின் அடிப்படைகளுள் ஒன்று. அதை மறந்துவிட்டு ஐந்தாம் அத்தியாயத்து 32ஆம் வசனத்தை மேடைக்கு மேடை ஓதுவதில் பயன் என்ன? அந்த வசனம் ‘ஓர் உயிர்’ என்றுதான் பேசுகிறது. யாருடைய உயிர் என்று பிரித்துப் பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏறாவூரில் நம் மக்கள் மாண்ட அதே 1990 ஆகஸ்டு 12இல், அம்பாறை மாவட்டத்து வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதைச் செய்தவர்களுள் முஸ்லிம் ஊர்காவல் படையினர் இருந்தார்கள் என்பது அவ்வூர் மக்களின் சாட்சியம். காத்தான்குடிப் பள்ளிவாசலுக்காகக் கண்ணீர் வடிக்கும் கண்கள் வீரமுனைக் கோயிலைப் பார்த்ததும் வறண்டுவிடுமானால், அக்கண்ணீரை உண்மையென்று நம்புவது எப்படி? சமுதாய ஏடுகள் பலவற்றில் ஆகஸ்டு மாதக் கட்டுரைகளைப் படித்திருக்கிறோம். காத்தான்குடி வரும், ஏறாவூர் வரும். வீரமுனை என்னும் சொல் மட்டும் வராது. மே மாதத்து மேடைகள் செய்வதும் இதே வேலைதானே!

எம்பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களுடன் அமர்ந்திருக்கையில் ஒரு ஜனாஸா கடந்து சென்றது. அவர்கள் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது ஆயிற்றே என்று தோழர்கள் கூற, அவருடையதும் ஓர் உயிர்தானே என்னும் கருத்துப்பட அண்ணலார் விடையளித்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஜனாஸாவைக் கண்டால் எழுந்து நிற்பது நிலைத்த சுன்னத்தா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை ஆலிம் பெருமக்கள் பார்த்துக்கொள்ளட்டும். அந்த விடையில் கருத்து வேறுபாடு கொள்ள எவருக்கும் இடமில்லை.

ஆண்டுதோறும் ஜனவரி 27ஆம் நாள், ஹிட்லரின் ஆட்சியில் கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவு நாள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2005இல் அதை ஏற்படுத்தியது. நம் இளைஞர் சிலர் அந்நாளில் ஏளனமாகப் பேசுவதைக் கேட்கிறோம். காஸாவின் குழந்தைகளை நினைத்து அவர்கள் நெஞ்சு கொதிப்பது நமக்குப் புரிகிறது. நம் நெஞ்சும் கொதிக்கிறது. தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கில், இனப்படுகொலைக்கு ஒப்பான செயல்களைத் தடுக்குமாறு இஸ்ரேலுக்கு உலக நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது 2024 ஜனவரி 26இல். யூதர் நினைவு நாளுக்கு முந்தின நாள்! தம் பாட்டன்மார் பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூரும் ஓர் அரசு அதிலிருந்து கற்றுக்கொண்டது இவ்வளவுதானா என்று கேட்கலாம்; கேட்கத்தான் வேண்டும். ஆனால் அன்று கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்கள் காஸாவில் குண்டு போடவில்லை. அவர்களை ஏளனம் செய்பவன், முள்ளிவாய்க்கால் குழந்தையைக் காத்தான்குடிக்காகத் தண்டிப்பவனின் உடன்பிறப்பு.

இனப்படுகொலை என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. போலந்து நாட்டு யூத சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் 1944இல் அந்தச் சொல்லை ஆக்கினார். 1948 டிசம்பர் 9இல் ஐக்கிய நாடுகள் சபை அதற்கென ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. ஒரு தேசிய இனத்தையோ மரபினத்தையோ நிறத்தவரையோ மதத்தவரையோ முழுமையாக அல்லது பகுதியாக அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படுவது என்று அவ்வொப்பந்தம் வரையறுக்கிறது. அந்த நோக்கத்தை நிறுவுவதுதான் நீதிமன்றங்களில் கடினமாக இருக்கிறது. வன்னியில் நடந்தது இனப்படுகொலையே என்று வட மாகாண சபை 2015இல் தீர்மானித்தது. கனடா நாடாளுமன்றம் 2022இல் மே 18ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்றது. இலங்கை அரசு இன்றும் மறுக்கிறது. வடபுலத்து முஸ்லிம்களின் வெளியேற்றத்தை இனச் சுத்திகரிப்பு என்போர் பலர். இந்தப் பெயர்களுள் எது எதற்குப் பொருந்தும் என்பது வழக்குமன்றத்தில் முடிவாகட்டும். மையத்தை வீட்டில் கிடத்திவிட்டு, மரணத்தின் பெயர் முடிவான பிறகு அடக்குவோம் என்று எவரும் காத்திருப்பதில்லை. பெயர் பற்றிய வாதத்தைச் சாக்காக வைத்து நினைவு நாளைத் தள்ளிப்போடுவோரின் எண்ணம் நல்லதன்று. எல்லாவற்றுக்கும் அந்தப் பெரும் பெயரைச் சூட்டித் திரிவோரும் அதன் எடையைக் குறைக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

ஆண்டுதோறும் நாள் குறித்து நினைவுகூர்வது பித்அத் ஆகாதா என்று ஒரு கேள்வி நம் மாவட்டத்தில் அடிக்கடி எழுகிறது. தக்கலையில் ஞானமாமேதை பீர் முஹம்மது அப்பா அவர்களின் ஆண்டு விழாவில் விடிய விடிய ஞானப் புகழ்ச்சி பாடப்படுவதைப் பற்றியே இக்கேள்வியைக் கேட்பவர்கள் உண்டு. அந்தப் பழைய வழக்கை இங்கே நாம் திறக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம். உஹதுப் போர் நடந்து எட்டு ஆண்டுகள் கழிந்த பின், தம் வாழ்நாளின் இறுதிக் கட்டத்தில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்கு மாண்டவர்களுக்காகப் பிரார்த்தித்தார்கள். மாண்டவரை மறவாமை புதுமையன்று. அதற்கு நாள் குறிப்பது வணக்கமாகாது. திருமணத்துக்கு நாள் குறிப்பதைப் போன்ற ஒரு வசதியே.

‘பழையதைக் கிளறினால் பகை மூளாதா?’ என்னும் அச்சம் இதைவிட மதிக்கத்தக்கது. நாஞ்சில் நாட்டு மக்களாகிய நமக்கு இந்த அச்சம் ஏட்டறிவால் வந்ததில்லை. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்டது எப்படிக் கடற்கரை ஊர்களெங்கும் பரவியது, குன்றக்குடி அடிகளார் போன்றோர் வந்து அமைதிக்காக எவ்வளவு உழைக்க வேண்டியிருந்தது என்பதையெல்லாம் நம் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். தம் தரப்புச் சாவை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் நினைவு அடுத்த சண்டைக்குக் கத்தி தீட்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதனால்தான் இரண்டு நாட்களையும் ஒருசேரக் கேட்கிறோம். முற்றிலும் மறந்துவிடுவது மட்டும் பகையை அணைத்துவிடுமா? 1983 பிப்ரவரி 18இல் அஸ்ஸாமின் நெல்லி என்னுமிடத்தில் வங்காளம் பேசும் முஸ்லிம்கள் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டார்கள். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அந்த நாள் இந்நாட்டின் எந்த நாட்காட்டியிலும் இல்லை. தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் இல்லை. அதனால் அஸ்ஸாமில் அன்பு பெருகிவிட்டதா? நம் தஞ்சைத் தரணியில் 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் குடிசையோடு எரிக்கப்பட்ட 44 பேரை ஆண்டுதோறும் செங்கொடியினர் நினைவுகூர்கிறார்கள். அதனால் எந்த ஊரும் தீப்பற்றவில்லை. அந்த நாள் இல்லாதிருந்தால், வழக்கில் தப்பிய பண்ணையார்களோடு அந்த ஏழைகளின் பெயரும் மறைந்திருக்கும்.

நினைவு நாளின் அருமை நம் மாவட்டத்துக்குத் தெரியாததன்று. 1954 ஆகஸ்டு 11இல், தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டுமென்று கேட்டவர்கள் மீது திருவிதாங்கூர்-கொச்சி அரசின் காவல்துறை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுட்டது. அது இனப்படுகொலையன்று, துப்பாக்கிச் சூடுதான். ஆயினும் அன்று மாண்டவர்களை இம்மாவட்டம் இன்றும் ஆண்டுதோறும் வணங்குகிறது. அத்தியாகிகளின் பட்டியலில் அருளப்பன் உண்டு, செல்லப்பா பிள்ளை உண்டு, பீர் முகம்மதுவும் உண்டு. 1956 நவம்பர் 1இல் தோவாளையும் அகஸ்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தோடு சேர்ந்ததில் அந்தப் பீர் முகம்மதுவின் குருதியும் கலந்திருக்கிறது. எனவே தமிழரின் துயரத்தில் உங்களுக்கென்ன என்று நம்மை எவரும் கேட்க வேண்டா. தமிழரின் துயரத்தில் நமக்கென்ன என்று நம்மவரும் கேட்க வேண்டா.

கடலுக்கு அக்கரையிலிருப்பவர்கள் நம்மைவிட முன்னே போய்விட்டார்கள். கொரோனாக் காலத்தில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, பிறந்து இருபதே நாளான ஒரு பச்சிளங் குழந்தையின் உடல் உட்பட, இலங்கை அரசு வலிந்து எரித்தது. 2021 பிப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழர்கள் நடத்திய பேரணியின் கோரிக்கைகளுள் ஒன்று, அந்த எரிப்பை நிறுத்த வேண்டும் என்பது. வழியிலிருந்த முஸ்லிம் ஊர்களில் மக்கள் திரண்டு வந்து உடன் நடந்தார்கள். அம்மாத இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. காத்தான்குடியையும் வீரமுனையையும் நேரில் பார்த்தவர்களின் பிள்ளைகள் கைகோத்து நடக்க முடிந்திருக்கிறது. பார்க்காத நாம் இக்கரையில் இருந்துகொண்டு பழைய கணக்கைப் புரட்டுகிறோம்.

நாம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. மே 18இல் நம்மை அழைப்பவர்கள் அந்த மேடையிலேயே ஆகஸ்டு 3ஐயும் அக்டோபர் 30ஐயும் பெயர் சொல்லி நினைவுகூரட்டும். ஆகஸ்டு 3இல் நம் ஜமாஅத்துக்கள் கூட்டும் கூட்டத்துக்கு வரட்டும். அப்படி ஒரு கூட்டத்தை நம் ஜமாஅத்துக்கள் முதலில் கூட்ட வேண்டும். இடலாக்குடியிலோ திருவிதாங்கோட்டிலோ குளச்சலிலோ இஷாத் தொழுகைக்குப் பின் அரை மணி நேரம் போதும். யாசீன் ஓதி துஆச் செய்துவிட்டு, காத்தான்குடி, ஏறாவூர், வீரமுனை என்று மூன்று ஊர்களின் பெயரையும் ஒருவர் எழுந்து சொல்லட்டும். கந்தூரிக்குச் செலவிடுவதில் நூற்றில் ஒரு பங்கும் ஆகாது.

மே 18க்கு வேறொரு வழி இருக்கிறது. முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் மக்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது அரிசியும் உப்பும் தண்ணீருமான ஒரு கஞ்சியில். தேங்காய்ப்பால் கிடைத்தால் பாக்கியம். இன்று ஈழத்தமிழர்கள் அந்நாளில் அதே கஞ்சியைக் காய்ச்சி, வருவோர் போவோர்க்கெல்லாம் வழங்குகிறார்கள். 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் அதைக் காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்களைக் காவல்துறை கைது செய்தது. ஒரு பானைக் கஞ்சிக்கு அஞ்சிய அரசு! கஞ்சியின் அருமையை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பள்ளிவாசல் முற்றங்களில் நோன்புக் கஞ்சிக்கான அண்டாக்கள் பதினொரு மாதம் கவிழ்ந்துதான் கிடக்கின்றன. பெருமாள்புரத்திலும் பழவிளையிலும் கோழிவிளையிலும் ஞாறான்விளையிலும் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் முகாம்களில் வாழ்கின்றன. மறுவாழ்வு முகாம் என்று அரசு 2021இல் பெயரை மாற்றியது. வரும் மே 18இல் அந்த அண்டாக்களில் ஒன்றை நிமிர்த்தி, நெய்யும் இறைச்சியும் சேர்க்காமல் வெறும் உப்புக் கஞ்சியாகக் காய்ச்சி, அந்த முகாம்களுக்கு எடுத்துச் செல்ல எந்த ஊர் ஜமாஅத் முன்வருகிறது?